ஆயிரம் மைல் ஓட்டுவது வீரமா?



உங்கள் மகன் ஒருநாள் இரவு உணவு முடிந்ததும் உங்கள் முன் வந்து நின்று, "அப்பா, வருகிற சனிக்கிழமை விடியற்காலை மூன்று மணிக்கு மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு புறப்படப் போகிறேன். ஞாயிறு விடியற்காலை மூன்று மணிக்குள் ஆயிரம் மைல் ஓட்டி முடித்துவிடுவேன்" என்று சொல்வதாக வைத்துக்கொள்ளுங்கள். எங்கே போகிறாய் என்று கேட்பீர்கள். எங்கேயும் இல்லை, போய்த் திரும்பி வருவதுதான் என்பான். எதற்காக என்று கேட்பீர்கள். ஒரு சான்றிதழுக்காக என்பான். அதனால் பணம் ஏதாவது கிடைக்குமா? கிடைக்காது, தானே பணம் கட்டித்தான் அதை வாங்க வேண்டும். இதற்குள் அடுப்பங்கரையிலிருந்து அவன் தாய் வெளியே வந்துவிடுவாள். மேற்கொண்டு நடப்பதை நான் எழுத வேண்டியதில்லை.

இது கற்பனைதான், ஆனால் இல்லாத ஒன்றைப் பற்றிய கற்பனையன்று. அமெரிக்காவில் நெடுந்தூர மோட்டார் சைக்கிள் ஓட்டிகளுக்கென்று 'அயர்ன் பட் அசோசியேஷன்' என்னும் சங்கம் ஒன்று உண்டு. (அப்பெயரில் இரும்பென்று சொல்லப்படுவது, நாள் முழுதும் உட்கார்ந்திருப்பவனுக்கு முதலில் நோகும் உடற்பகுதி. அதற்கு மேல் மொழிபெயர்ப்பது இப்பத்திரிகைக்கு அழகல்ல.) அச்சங்கம் வைத்திருக்கும் முதற்படிச் சவாலுக்குச் 'சேடில்சோர் 1000' என்று பெயர். 24 மணி நேரத்திற்குள் 1,000 மைல், அதாவது 1,609 கிலோமீட்டர், ஓட்ட வேண்டும். அடுத்த படியில் 36 மணிக்குள் 1,500 மைல். அதனிலும் கடினமானதில் அதே 1,500 மைலை 24 மணிக்குள் முடிக்க வேண்டும். இவற்றுக்கெல்லாம் மேலாக, 1984-ம் ஆண்டு தொடங்கிய 'அயர்ன் பட் ராலி' என்னும் போட்டியில் பதினொரு நாளில் ஏறக்குறைய 11,000 மைல் ஓடுகிறார்கள். நம் நாட்டிலும் நாற்கரச் சாலைகள் வந்த பிறகு இந்த முதற்படியை ஏறிவிட்ட வாலிபர்கள் இருக்கிறார்கள். சென்னையில் புறப்பட்டுக் கன்னியாகுமரிக்குப் போய், அங்கே கடலில் காலைக்கூட நனைக்காமல் சென்னைக்குத் திரும்பி, மறுபடியும் உளுந்தூர்ப்பேட்டை வரை போனால் எவ்வளவோ, ஏறக்குறைய அவ்வளவு தூரம். அதை ஒரே நாளில் ஓட்டுகிறார்கள்.

இது சரியா? இரண்டு பதில்கள் உடனே வரும். பெரியவர்கள், "உயிரோடு விளையாடுகிற வீண் வேலை, வேலையற்றவன் செய்கிற காரியம்" என்பார்கள். வாலிபர்கள், "இதுவல்லவா வீரம்!" என்பார்கள். இரண்டும் அவசரத்தில் சொல்லப்படுபவை என்பது என் எண்ணம். ஒரு காரியம் இன்னதென்று அறியுமுன்பே தீர்ப்புச் சொல்லும் வழக்கம் நம் வீடுகளில் கொஞ்சம் அதிகம். ஆகையால் முதலில் அந்த வாலிபன் என்ன செய்கிறான் என்று பார்ப்போம்.

அவன் செய்வது வேகப் பந்தயமன்று. இதைத் தாய்மார் முக்கியமாய்க் கவனிக்க வேண்டும். 1,609-ஐ 24-ஆல் வகுத்துப் பாருங்கள். மணிக்கு 67 கிலோமீட்டர்தான் வருகிறது. உண்பதற்கும் பெட்ரோல் போடுவதற்கும் சற்றுக் கண்ணயர்வதற்கும் நான்கு மணி நேரம் ஒதுக்கிவிட்டாலும், எஞ்சிய இருபது மணி நேரத்தில் மணிக்கு 80 கிலோமீட்டர் போனால் போதும். 24 மணிக்குள் ஓட்டினார் என்பதற்குத்தான் சான்று கிடைக்குமேயன்றி, இன்னாரைவிட இன்னார் முந்தினார் என்பதற்கு அன்று. உண்மையில் நேரம் வீணாவது சாலையிலன்று, பெட்ரோல் பங்கில். வழியில் ஏழு முறை நிறுத்துகிறவன் ஒவ்வொரு முறையும் பத்து நிமிஷத்தில் முடிக்க வேண்டியதை அரை மணி நேரமாக்கினால், இரண்டு மணி இருபது நிமிஷம் போய்விடும். அதை ஈடுகட்டப் பறக்க வேண்டியதாகிறது. நிறுத்துவதில் ஒழுங்குள்ளவன் நிதானமாய் ஓட்டலாம்.

அவன் வாய்ச்சொல்லை எவரும் நம்புவதில்லை. புறப்படும் இடத்தில் தேதியும் மணியும் அச்சிட்ட ரசீது ஒன்று வேண்டும். முடிக்கும் இடத்திலும் வேண்டும். வழியில் பெட்ரோல் போட்ட ஒவ்வோர் இடத்து ரசீதையும் பத்திரப்படுத்தி, வண்டியின் மைல் கணக்கையும் எழுதிவைக்க வேண்டும்.  இவ்வளவையும் அனுப்பிய பிறகு அவர்கள் சரிபார்த்து ஒரு காகிதம் தருவார்கள். ரேஷன் கடைச் சீட்டைத் தொலைத்துவிட்டு வருகிற பிள்ளை ஏழு ரசீதுகளை மடங்காமல் கொண்டுவருவதைப் பார்த்தால் பெற்றோருக்கு ஆச்சரியமாகத்தான் இருக்கும். ஏழு மணிப் பூசைக்கு மூன்று முறை எழுப்ப வேண்டிய பிள்ளை, இதற்காக ஒரு வாரம் முன்னிருந்தே ஒன்பது மணிக்குப் படுக்கிறான். சங்கிலியைப் பார்க்கிறான், டயரைப் பார்க்கிறான், எண்ணெயை மாற்றுகிறான். புறப்படும் நாளில் வயிறு முட்டத் தின்னாமல் தண்ணீர் நிறையக் குடிக்கிறான். இவை அற்ப காரியங்களென்று நான் சொல்லமாட்டேன். தன்னைத் தானே ஆளக் கற்றுக்கொள்ளும் வாலிபன் எதைச் சாக்காகக் கொண்டு கற்றுக்கொண்டாலும் அது நன்மையே.

அந்தச் சங்கத்தின் பழம்பெரும் ஓட்டிகள் புதியவர்களுக்குச் சொல்லும் யோசனைகளைப் படித்தபோது எனக்கே வியப்பாயிருந்தது. வேகத்தை மறந்துவிடு என்கிறார்கள். விழித்திருப்பதற்காகக் காப்பியையும் மருந்தையும் நம்பாதே என்கிறார்கள். களைப்பு வந்தால் நிறுத்திவிட்டு எங்கேயாவது ஒரு பெஞ்சில் படுத்துவிடு என்கிறார்கள். அப்படிப்பட்ட பெஞ்சுக்கு 'அயர்ன் பட் மோட்டல்' என்று வேடிக்கைப் பெயர்கூட வைத்திருக்கிறார்கள். பதினொரு நாள் போட்டியிலோ, இத்தனை மணி நேரம் ஓய்வெடுத்தேன் என்று ரசீது காட்டுகிறவனுக்கு அந்த ஓய்வுக்கே மதிப்பெண் கொடுக்கும் ஏற்பாடு உண்டு. ஓட்டப் போட்டியில் ஓய்வுக்கு மதிப்பெண்! அதைப் பற்றிப் பின்னால் பேசுவோம்.

நிற்க. இதுவரை அவனுக்காக வாதாடினேன். இனி எதிர்க்கட்சியின் வாதத்தையும் கேட்க வேண்டும். அது எளிதில் தள்ளிவிடக் கூடியதன்று.

ஆஸ்திரேலியாவில் டாசன், ரீட் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் ஒரு சோதனை நடத்தி அதன் முடிவை 1997-ல் வெளியிட்டார்கள். பதினேழு மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவனுடைய கையும் கண்ணும், இரத்தத்தில் 0.05 சதவீதம் மதுவுள்ளவனுடையதைப்போல் தடுமாறுகின்றன என்று கண்டார்கள். இருபத்துநான்கு மணி நேரம் விழித்திருந்தால் ஏறக்குறைய 0.10 சதவீதத்துக்குச் சமமாகிவிடுகிறது. நம் நாட்டுச் சட்டமோ 0.03 சதவீதத்துக்கு மேல் மதுவுள்ளவன் வண்டி ஓட்டவே கூடாதென்கிறது. இப்பொழுது கணக்குப் பாருங்கள். மூன்று மணிக்குப் புறப்படுகிறவன் இரண்டு மணிக்கே எழுந்திருப்பான். மாலை ஏழு மணிக்கு அவன் விழித்துப் பதினேழு மணி நேரமாகிவிடும். அப்போதுதான் இருட்டத் தொடங்குகிறது. இன்னும் ஐந்நூறு, ஐந்நூற்றைம்பது கிலோமீட்டர் மிச்சமிருக்கிறது. சாராயம் குடித்துவிட்டு வந்து மகன் வண்டிச் சாவியை எடுத்தால் கையைப் பிடித்துப் பிடுங்க மாட்டீர்களா?

தூக்கம் கெட்டவனுக்கு வருகிற ஆபத்து, அவன் குறட்டைவிட்டுத் தூங்குவதனாலன்று. கண் திறந்திருக்கும்போதே மூளை இரண்டு நொடி, நான்கு நொடி அணைந்துபோகிறது, மறுபடி எரிகிறது, அணைந்தது அவனுக்கே தெரிவதில்லை. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் நான்கு நொடியென்றால் ஏறக்குறைய 89 மீட்டர். நம் ஊர்க் கோயில்கள் பலவற்றில் வாசலிலிருந்து பீடம் வரை போய்த் திரும்பினாலும் அவ்வளவு தூரம் வராது. அத்தனை தூரத்தையும் ஆளில்லாத வண்டி கடந்திருக்கிறது.

அந்த 89 மீட்டரில் யார் வரக்கூடும் என்பதுதான் என்னை உறுத்துகிற கேள்வி. மலையேறுகிறவன் கயிறு அறுந்து விழுந்தால் பெரும்பாலும் தான் மட்டும் விழுகிறான். சாலை அப்படிப்பட்டதன்று. விடியுமுன் பால் கேன்களைக் கட்டிக்கொண்டு வருகிறவர் அங்கே இருக்கிறார். முதல் பேருந்தைப் பிடிக்கக் குறுக்கே கடக்கும் கிழவி இருக்கிறாள். அவர்கள் எந்தச் சவாலிலும் பெயர் கொடுக்கவில்லை. 2022-ம் ஆண்டில் மட்டும் நம் நாட்டுச் சாலைகளில் 1,68,491 பேர் மாண்டார்கள். அவர்களில் நூற்றுக்கு நாற்பத்துநான்கு பேருக்கு மேல் இருசக்கர வண்டியில் போனவர்கள். என் உயிர், என் இஷ்டம் என்கிற வாலிபனுக்கு இதுவே பதில். உன் உயிரே உன் இஷ்டத்துக்கு உரியதன்று. அதை விட்டுவிட்டாலும், பால்காரர் உயிர் உன் இஷ்டத்துக்கு உரியதாவது எப்படி?

சட்டம் இதைத் தடுக்கவில்லையே என்று கேட்கலாம். அமெரிக்காவில் அதே நெடுஞ்சாலையில் சரக்கு லாரி ஓட்டுகிறவர், தொடர்ந்து பத்து மணி நேரம் வேலையிலிருந்து ஓய்ந்த பிறகே வண்டியில் ஏறலாம். ஏறினாலும் 11 மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது. நம் நாட்டிலும் 1961-ல் இயற்றிய மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், பொது விதியாக நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் என்று வரம்பு கட்டியது. காரணம், களைத்த டிரைவர் தனக்கும் பிறருக்கும் ஆபத்து என்பதுதான். ஒரு முதலாளி தன் டிரைவரை இருபது மணி நேரம் ஓட்டச் சொன்னால் அவனைக் கொடியவன் என்போம். அதையே ஒருவன் தனக்குத் தானே செய்துகொண்டால் சாதனை என்போமா? சட்டம் அவனைக் கேட்காமல் விட்டது, அவன் சொந்தப் பிரயாணம் போகிறான் என்பதற்காக. அவன் களைக்க மாட்டான் என்பதற்காக அன்று.

இனி, தேவையில்லாத கஷ்டத்தை எதற்காகத் தேடிப் போக வேண்டும் என்னும் கேள்வி. நல்ல நோக்கமிருந்தால் கஷ்டம் நியாயமாகிவிடும், இல்லாவிட்டால் அது வீண் என்பது பொதுவான எண்ணம். நானும் நெடுநாள் அப்படித்தான் எண்ணியிருந்தேன். 1916-ல் நியூயார்க்கிலிருந்து அகஸ்டா, ஆடலின் வான் பியூரன் என்னும் சகோதரிகள் இருவர், ஆளுக்கொரு இந்தியன் மோட்டார் சைக்கிளில் புறப்பட்டார்கள். ('இந்தியன்' என்பது அமெரிக்கக் கம்பெனியின் பெயர், நம் நாட்டு வண்டியன்று.) யுத்தம் வந்தால் பெண்களும் இராணுவத்துக்குச் செய்தி கொண்டுபோகும் ஓட்டிகளாகப் பணியாற்ற முடியும் என்று காட்டுவதே அவர்கள் கருத்து. அக்காலத்தில் பெரும்பகுதி மண் பாதை. மழை பெய்தால் சேறு. ஆண்களைப்போல் கால்சட்டை அணிந்த குற்றத்துக்காகச் சிற்றூர்களில் போலீஸார் அவர்களைப் பிடித்து நிறுத்தினார்கள். கொலராடோவில் பதினாலாயிரம் அடிக்கு மேல் உயர்ந்த பைக்ஸ் பீக் சிகரத்தின் உச்சி வரை ஓட்டினார்கள். செப்டம்பர் மாதத்தில் மேற்குக் கடற்கரையிலுள்ள லாஸ் ஏஞ்சல்ஸை அடைந்தார்கள். ஆனால் ஆடலின் இராணுவத்துக்குப் போட்ட விண்ணப்பத்தை வாங்கிப் பார்த்தவர்கள் முடியாதென்று அனுப்பிவிட்டார்கள்.

உயர்ந்த நோக்கந்தான். அதற்காக வழி அவர்களுக்கு இரங்கியதா? சால்ட் லேக் நகரத்துக்கு மேற்கேயுள்ள பாலைவனத்தில் வழி தப்பி, கையிலிருந்த தண்ணீரும் தீர்ந்து தவித்தார்கள். தற்செயலாய் எதிர்ப்பட்ட ஒரு சுரங்கக்காரர் தண்ணீர் கொடுத்திராவிட்டால் அவர்கள் கதை அங்கேயே முடிந்திருக்கும். நல்ல நோக்கம் தண்ணீர்க் குடத்தை நிரப்புவதில்லை. மறுபுறம், வெளியே காட்டக்கூடிய நோக்கம் இல்லாத காரியமெல்லாம் வீண் என்றும் சொல்ல முடியாது. கபடி ஆடுகிறவனுக்கு என்ன நோக்கம்? சதுரங்கத்தில் நாள் முழுதும் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவருக்கு என்ன இலாபம்? தன் உடலும் மனமும் எதுவரை தாங்கும் என்று அறிய ஆசைப்படுவது மனித இயல்பு. அந்த ஆசையை நான் குற்றம் சொல்லவில்லை.

அப்படியானால் எது குற்றம்? அர்ச். தோமாஸ் அக்குவீனாஸ் திடம் என்னும் புண்ணியத்தைப் பற்றி விசாரிக்கும்போது, அதன் முதன்மையான செயல் எதிர்த்துப் பாய்வதன்று, தாங்கி நிற்பதே என்று தீர்மானிக்கிறார். இதைக் கேட்டவுடன் நம் வாலிபன், "பார்த்தீர்களா, இருபது மணி நேரம் தாங்கியிருக்கிறேனே!" என்று மகிழ்ந்துபோவான். சற்றுப் பொறுக்கட்டும். அதே நூலில் கொஞ்சம் தள்ளி, அளவு கடந்த துணிச்சலைத் திடத்துக்கு விரோதமான பாவமென்று அவர் எழுதியிருக்கிறார். இரண்டையும் பிரிப்பது தாங்கிய மணிக்கணக்கன்று. தாங்குகிறவன் புத்தியின் சொல்லுக்குள் நிற்கிறானா, இல்லையா என்பதே. கழுதையும் சுமை தாங்குகிறது. அதைப் புண்ணியம் என்று எவரும் சொல்வதில்லை.

சரி, புத்தி கடிவாளத்தைப் பிடிக்கட்டும். ஆனால் அந்தப் புத்திதானே தூங்கிக்கொண்டிருக்கிறது?

இவ்விஷயத்தின் முடிச்சு இதுவே என்று எனக்குத் தோன்றுகிறது. அமெரிக்காவில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் 2003-ல் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். சிலரைப் பதினான்கு நாள் வரை இரவில் நான்கு மணி நேரம், அல்லது ஆறு மணி நேரம் மட்டுமே படுக்கவிட்டுப் பகலில் சோதித்தார்கள். அவர்களுடைய கவனம் நாளுக்கு நாள் கெட்டுக்கொண்டே போயிற்று. ஆனால், "எவ்வளவு தூக்கமாயிருக்கிறது?" என்று கேட்டால், முதற் சில நாளைக்குப் பிறகு அவர்கள் சொன்ன பதில் அவ்வளவாகக் கூடவில்லை. திறமை குறைந்தது, குறைந்ததென்ற அறிவும் கூடவே குறைந்தது. மற்ற ஆபத்துகளில் புத்தி நம்மோடு நின்று எச்சரிக்கிறது. பாம்பைக் கண்டால் பயம் வருகிறது. பள்ளத்தைக் கண்டால் கால் பின்வாங்குகிறது. தூக்கக் கேட்டில் எச்சரிக்க வேண்டிய காவற்காரனே முதலில் படுத்துவிடுகிறான். "எனக்கு ஒன்றுமில்லை, நன்றாய்த்தான் இருக்கிறேன்" என்று இரவு பதினோரு மணிக்கு அவன் சொல்வது பொய்யன்று; மனதார நம்பித்தான் சொல்கிறான். அந்நேரத்தில் மனச்சாட்சியைக் கேட்டு நட என்று அவனுக்குப் புத்தி சொல்வது, நீதிபதி உறங்கும் கோர்ட்டில் வழக்குப் போடுவதுபோல்.

ஆகவே எங்கே நிற்பது என்னும் தீர்ப்பை விழித்திருக்கும்போதே எழுதிவிட வேண்டும். புறப்படுவதற்கு முன், வீட்டில், வயிறு நிறைந்து தலை தெளிந்திருக்கும்போது எழுதிவிட வேண்டும். முதல் முறை கண் சொக்கினாலும் இறங்கிப் படுப்பேன். மழை வந்தால் நிறுத்துவேன். இத்தனை மணிக்கு இந்த ஊரைக் கடக்காவிட்டால் அன்றைக்கு அவ்வளவுதான், அறை எடுத்துத் தங்கிவிடுவேன் என்று எழுத வேண்டும். எழுதியதை வீட்டில் ஒருவர் கையில் கொடுத்து, "நான் என்ன சொன்னாலும் நீங்கள் சொன்னால் நிறுத்திவிடுவேன்" என்று வாக்குக் கொடுக்க வேண்டும். ஓய்வுக்கு மதிப்பெண் கொடுத்த அந்தப் போட்டிக்காரர்கள் இந்தச் சூட்சுமத்தைத் தெரிந்துகொண்டவர்கள். களைத்தவன் தானாக நிற்க மாட்டான், நிற்பதிலும் இலாபமிருக்கிறதென்று முன்னதாகவே விதி செய்து வைக்க வேண்டும் என்று பட்டறிந்திருப்பார்கள் போலும்.

இந்த வாக்கைக் காப்பது எவ்வளவு கஷ்டமென்பதையும் சொல்ல வேண்டும். முந்நூறாவது மைலில் நிற்பது பெரிதல்ல. தொள்ளாயிரத்தைம்பதாவது மைலை எண்ணிப் பாருங்கள். இன்னும் ஐம்பது மைல்தான். மூன்று மணி நேரம் கையில் இருக்கிறது. ரசீதுகளெல்லாம் பையில் பத்திரமாய் இருக்கின்றன. கண் ஒருமுறை சொக்கி, வண்டி வெள்ளைக் கோட்டைத் தொட்டுத் திரும்பியது. எழுதிக் கொடுத்தபடி இறங்கிப் படுத்தால் ஒருவேளை எழுவதற்குள் மூன்று மணியும் கடந்துவிடும்; முடிவில் 950 மைலுக்கு ஒரு காகிதமும் கிடையாது. அந்தப் பெட்ரோல் பங்கின் ஓரத்தில் ஹெல்மெட்டைத் தலைக்கு வைத்துப் படுக்கிறானே ஒருவன், அவனைத்தான் நான் திடமுள்ளவன் என்பேன். சில பேர் வண்டியை மந்திரித்துக் கைப்பிடியில் அர்ச். கிறிஸ்தோப்பர் சுரூபமும் கட்டியிருக்கிறோம், ஒன்றும் வராது என்பார்கள். மந்திரித்தது வண்டிதான், அவன் கண்ணிமையை அல்ல.

இங்கே பெற்றோரை ஒரு வார்த்தை கேட்க வேண்டியிருக்கிறது. அவன் 950 மைலில் படுத்துவிட்டு மறுநாள் வெறுங்கையோடு வந்தால் நாம் என்ன சொல்வோம்? "இவ்வளவு தூரம் போயும் முடிக்க முடியவில்லையா?" என்று மாமன் கேட்பார். பக்கத்து வீட்டுக்காரர் சிரிப்பார். நாமும் அதைச் சிரித்துக்கொண்டே பார்த்திருந்தால், அடுத்த முறை அவனை அந்த ஐம்பது மைலுக்குள் தள்ளுவது நாமே.

இன்னொன்றும் சொல்லத்தான் வேண்டும், கோபித்துக்கொள்ளாதீர்கள். திருநாள் சமயத்தில் வேளாங்கண்ணிக்கு வேன் பிடித்துப் போகிறோம். சனிக்கிழமை இரவு புறப்பாடு, சாமான் ஏற்றி எல்லாரும் ஏற பதினோரு மணி. டிரைவர் அன்று பகல் எங்கே ஓட்டினார் என்று எவரும் கேட்பதில்லை. விடியற்காலையில் போய்ச் சேருகிறோம். நாம் கடலில் குளித்து, பூசை கண்டு, மெழுகுதிரி ஏற்றி, மரத்தடியில் சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்கிறோம். டிரைவர் வெயிலில் நிற்கும் வண்டியில் ஸ்டியரிங்கின் மேல் தலையைச் சாய்த்துக் கிடக்கிறார். பிள்ளைகள் அடிக்கடி கதவைத் திறந்து செருப்பு எடுக்கின்றன, தண்ணீர் எடுக்கின்றன. திங்கட்கிழமை ஆபீசும் பள்ளிக்கூடமும் இருக்கிறதென்று அன்றிரவே திரும்புகிறோம். "தூக்கம் வந்தால் டீ வாங்கித் தருகிறேன், டிரைவர் தம்பி" என்று முன் இருக்கையிலிருந்து ஒரு பெரியவர் சொல்லிவிட்டு, அவரே முதலில் தூங்குகிறார். மகன் தன் உயிரைப் பணயம் வைக்கிறான் என்று துடித்த தாயும் தந்தையும் அந்த வேனில்தான் மடியில் பிள்ளையோடு இருக்கிறார்கள். வாலிபனாவது ஒரு வாரம் ஒன்பது மணிக்குப் படுத்தான். வேனுக்கு இரண்டாவது டிரைவர் வைத்தாலென்ன, அல்லது அங்கே ஓர் இரவு தங்கினாலென்ன என்று கேட்டால் செலவு என்கிறோம். மகன் தன் காகிதத்துக்காகச் செய்வதை நாம் திங்கட்கிழமை ஆபீசுக்காகச் செய்கிறோம். அதுவும் நம் உடம்பை வைத்தன்று, கூலிக்கு வந்த இன்னொருவர் உடம்பை வைத்து. இரண்டில் எது பெரிய தவறு என்று கேட்டால், நான் மகன் பக்கம் சாய்ந்துதான் பேசுவேன்.

ஆகையால், அந்த இரவு உணவுக்குப் பின் மகன் வந்து கேட்டால், எடுத்தவுடன் கூடாதென்று சொல்லி முடித்துவிடாதீர்கள். கூடாதென்ற வீட்டிலிருந்து அவன் நண்பன் அறையில் தங்குவதாகச் சொல்லிவிட்டுப் போவான். அப்பொழுது நடுவழியில் அவனை நிறுத்தக்கூடிய குரல் ஒன்றுமே இராது. உட்காரவைத்துக் கேளுங்கள். எந்தச் சாலை, எந்த ஊரில் நிறுத்தம், முந்தின மூன்று இரவும் எத்தனை மணிக்குப் படுத்தாய், வழியில் தங்க இடமும் பணமும் உண்டா என்று கேளுங்கள். பதில் சரியாயில்லாவிட்டால், அந்தச் சனிக்கிழமை வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமையுண்டு. அவனும் அதை ஏற்பான், காரணம் தெரிகிறபடியால். பதில் சரியாயிருந்தால், நிற்க வேண்டிய இடங்களை உங்கள் முன்னால் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மாலை ஏழு மணிக்கு அவன் எங்கேயாவது நிறுத்தி உங்களுக்குப் பேச வேண்டும். பிறகு இரண்டு மணிக்கொரு முறை பேச வேண்டும். அப்பொழுது எத்தனை மைல் முடிந்தது என்று நீங்கள் கேட்க வேண்டாம். சாப்பிட்டாயா, கண் எப்படி இருக்கிறது என்று மட்டும் கேளுங்கள். தாய்க்குக் குரலைக் கேட்டே தெரிந்துவிடும். "போதும் ராசா, படு" என்று அவள் சொன்னால் அதுதான் தீர்ப்பு. அப்பாவும் நடுவில் புகுந்து, "இன்னும் கொஞ்சந்தானே" என்று சொல்லக் கூடாது.

ஞாயிறு காலை பத்து மணிக்கோ பதினோரு மணிக்கோ வண்டிச் சத்தம் கேட்கும். சான்றிதழ் வருமா வராதா என்று வாசலிலேயே கேட்காதீர்கள். வராதென்றால் அவன் முகத்திலேயே தெரியும். அன்றைக்கு இட்லியோடு கறிக்குழம்பும் இருக்கட்டும்.